முட்டையா, குஞ்சா?

முட்டையைக் குஞ்சாக்குவது கோழி என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இது மாபெரும் பிழை. இளஞ்சூடும் இருபத்தொரு நாளும் கிடைத்தால் போதும். கோழி வெறும் வசதி.

இந்த உண்மை நாமக்கல் ஏற்றுமதியாளர் சென்னியப்பனுக்குத் தெரியாது. அவருடைய குமாஸ்தா துளசிமணிக்குத் தெரியும். அவருக்கு முட்டை கொடுக்கும் விவசாயி நல்லம்மாள் ஆசையாக வளர்த்த நாட்டுக்கோழிகளின் முட்டை முந்நூறு, அடைவைப்பதற்காக மஸ்கட் பண்ணைக்குப் போகவேண்டும். கெட்டுப்போனால் அவளுக்கு அடுத்த ஆர்டர் கிடையாது.

"ஏரோப்ளேன் எல்லாம் தண்டம், புள்ள. கப்பல்லயே போடு. குளிர்ப்பெட்டியும் வேண்டாம். நான் சொன்னா சொன்னதுதான்!" என்றார் சென்னியப்பன்.

"சரிங்க" என்று துளசிமணி இரண்டு படிவங்களை நீட்டினாள்.

"எதுக்கு ரெண்டு?"

"கப்பல் போய்ச்சேர இருபத்தொரு நாளாகுமுங்க. ஏறும்போது முட்டைன்னு ஒண்ணு, இறங்கும்போது குஞ்சுன்னு ஒண்ணு. தீவனம் வைக்கக் கூட ஒருத்தர் போகோணும். அந்தக் கட்டத்துல உங்க பேரைத்தான் எழுதியிருக்கறனுங்க."

சென்னியப்பன் தம் பெயரை வெகுநேரம் பார்த்தார்.

"அத்தனையும் பொரிஞ்சிருமா?"

"நடுக்கடல்ல சூடு பத்தலைன்னா உள்ளயே செத்துருமுங்க."

"அதைக் கிழிச்சுப் போடு, அம்மணி."

முட்டைகள் வெள்ளிக்கிழமை விமானத்தில் போயின. மறுமாதம் மஸ்கட்டிலிருந்து நல்லம்மாளுக்கு அறுநூறு முட்டைக்கான ஆர்டரும், குஞ்சுகளின் படம் ஒன்றும் வந்தன. படத்தைச் சென்னியப்பன் தம் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.