தகுதிக்கேற்ற பச்சை

பதவி உயர்வு வந்த கையோடு, அதிகாரி தணிகாசலத்துக்குப் பச்சை மையில் கையெழுத்துப் போடும் உரிமையும் வந்தது. கூடவே கிறுக்கும் வந்தது. "என் தகுதிக்கேற்ற பச்சை கிடைக்கிற வரைக்கும் ஒரு கையெழுத்தும் கிடையாது!" என்று உட்கார்ந்துவிட்டார்.

வாசலிலோ, சான்றிதழ் நகல்களில் அவர் கையெழுத்து வாங்கப் பிள்ளைகள் காத்துக்கிடந்தார்கள். கல்லூரியில் சேர அன்றுதான் கடைசி நாள். அலுவலக உதவியாளர் பவுனம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். கடைத்தெருவில் இருந்த பச்சை மைப்புட்டிகளை எல்லாம் இரவல் வாங்கி வந்து மேசையில் பரப்பினாள்.

"வெறும் தாள்ல போட்டா நிறம் ஏமாத்தும் ஐயா. ஊதா முத்திரைக்குப் பக்கத்துல போட்டாத்தான் பச்சையோட கம்பீரம் தெரியும்" என்று, அசலோடு ஒப்பிட்டு முத்திரை குத்தி வைத்திருந்த நகல்களை ஒவ்வொன்றாக நீட்டினாள்.

அவரும் பேனாவைத் தோய்த்துத் தோய்த்துக் கையெழுத்துப் போட்டுப் பார்த்தார். "இது கிளி. இது பாசி. இது வேப்பங்கொழுந்து. ம்ஹூம், அடுத்தது!"

கடைசி நகல்வரை போட்டும் அவருக்கு மனசு நிறையவில்லை.

"ஒண்ணும் சரியில்ல. எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்துடு!"

"மையைக் கொடுத்துடறேங்க ஐயா" என்று புட்டிகளை அள்ளினாள் பவுனம்மா. "கையெழுத்தைத்தான் பிள்ளைங்க அப்பவே வாங்கிட்டுப் போயிட்டாங்க."