மேலாளரின் சத்து மாத்திரை

முத்துப்பேச்சி அந்த முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றுகிறவள். ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றதும், மேலாளர் கஜபதி பதினெட்டுப் பெரியவர்களையும் காலையிலேயே மாத்திரை விழுங்க வைத்தார். கொஞ்ச நேரத்தில் கூடமே பிணவறை போலாகிவிட்டது. அவள் ஒவ்வொருவர் மூக்கருகிலும் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள்.

“அந்த அதிகாரியம்மா முன்னாடி வாயைத் திறந்தே, நாளைக்கு நீயும் இப்படித்தான் கிடப்பே,” என்றார் கஜபதி.

அதிகாரி வந்தார். “பகல் பதினொரு மணிக்கு எல்லாருமா தூங்குவாங்க?”

“சத்து மாத்திரை கொடுத்தோம் மேடம். இவளையே கேளுங்க.”

“ஆமா மேடம், சத்து மாத்திரைதான்,” என்றாள் முத்துப்பேச்சி. மிச்சமிருந்த இரண்டைத் தண்ணீரோடு கஜபதியிடம் நீட்டினாள். “காலையிலேருந்து ஓடிக் களைச்சுட்டீங்க. போட்டுக்குங்க ஐயா.”

“எனக்கெதுக்கு?”

“சத்துதானே, போட்டுக்குங்க,” என்றார் அதிகாரி.

கஜபதியின் கை எழவேயில்லை. அதிகாரி மாத்திரைகளை வாங்கிக்கொண்டு ஆம்புலன்சுக்குப் போன் போட்டார்.

சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரியில் பதினேழு பேர் கண் விழித்தார்கள். சாமுவேல் ஐயா மட்டும் விழிக்கவில்லை. முத்துப்பேச்சி அவர் கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை அவர் விரல் அசைந்தது.

“காபி இன்னும் வரலையா?” என்று சள்ளென்று விழுந்தார்.

அவள் அழுதேவிட்டாள்.