பிரதானியார் மரமாக நின்ற கதை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். பங்குனி பிறந்தால் அனல்காற்று முகத்தைப் பொசுக்கும் ஊர், அது போதும். ராணியோ மழை ஓயாத மலைநாட்டுப் பெண். அவள் பிறந்த காட்டின் மரம் ஒன்று அரண்மனை முற்றத்தில் வானளாவ நிற்க வேண்டும் என்று ராஜாவுக்கு ஆசை வந்தது. அப்புறம் கேட்கவா வேண்டும், கன்று வந்து இறங்கியது.

அதை வளர்க்கும் வேலையை விகடகவி கொன்றையப்பன் தலையில் கட்டியவர் ராஜாவின் தலைமை மந்திரியான பிரதானி சங்கரமூர்த்தி. கொன்றையப்பன் பேச்சுக்கு ராஜா சிரிக்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும். காற்று நேராக அடிக்கும் இடமாகப் பார்த்து நடச் சொன்னவரும் அவர்தான். கொன்றையப்பன் குடம் குடமாக ஊற்றினான். வேரடிச் சேறு காயவே இல்லை. ஆனாலும் இலை சுருண்டது. கன்று ஒரு விரற்கடைகூட வளரவில்லை.

"மகாராஜா, காலடியில் ஈரம் இருந்தால் எந்த உயிரும் தழைக்கும். இவன் ஏதோ தில்லுமுல்லு செய்திருக்கிறான்" என்றார் பிரதானி.

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சித்திரைக்குள் துளிர் விடாவிட்டால் நீ என் நாட்டிலேயே இருக்கக் கூடாது" என்றார்.

கொன்றையப்பனுக்கு வீட்டு நினைவு வந்தது. வீட்டில் மனைவிக்கு நிறைமாதம். இந்த வெயிலில் அவளை எங்கே அழைத்துப் போவான்? பயத்தை முகத்தில் காட்டாமல் கைகட்டி நின்றான்.

"பிரதானியார் வாக்கை அப்படியே நம்புகிறேன், மகாராஜா. ஒரு பகல் அவர் கன்றுக்குப் பக்கத்தில் நின்று தழைத்துக் காட்டட்டும். காலடி ஈரத்துக்கு நான் பொறுப்பு."

வேடிக்கை என்றால் ராஜா விடுவாரா? மறுநாள் பிரதானி அண்டாத் தண்ணீரில் முழங்கால்வரை நின்றார். வெயில் உச்சிக்கு ஏறியது. காற்று சுழற்றியடித்தது.

"டேய், குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுடா."

"இதோ வந்துட்டேங்க" என்று கொன்றையப்பன் அண்டாவில் இன்னொரு குடம் ஊற்றினான்.

"வாய் காயுதுடா."

"கால்தான் நல்லா நனைஞ்சிருக்கே, ஐயா."

பிரதானி அங்கவஸ்திரத்தால் முகத்தை மூடி, வாயை இறுக்கிக்கொண்டார். நெய்ச்சோறு வந்தது. வேண்டாம் என்று தலையாட்டினார்.

"சாப்பிடுங்க ஐயா, தழைக்கணுமே."

"வாயைத் திறந்தா இருக்கிற ஈரமும் போயிடும். சோறும் வேணாம், ஒண்ணும் வேணாம் போடா."

கொன்றையப்பன் ராஜா பக்கம் திரும்பினான். "கன்னும் இதைத்தான் சொல்லுது, மகாராஜா. இலை பூரா கண்ணுக்குத் தெரியாத வாய். காஞ்ச காத்து அடிச்சா உள்ளே இருக்கிற ஈரம் போயிடுமேன்னு மூடிக்குது. வாயை மூடிக்கிட்டா எதைத் தின்னு வளரும்? காலடியில குளமே இருந்தாலும் அதுக்குப் பட்டினிதான்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் பள்ளியறையில் அனல்காற்றை ஈரக்காற்றாக்கத் தொங்கிய வெட்டிவேர்த் தட்டிகளை அவிழ்த்து வந்து கன்றைச் சுற்றிக் கட்டச் சொன்னார். அவற்றை வேளை தவறாமல் நனைக்கும் பொறுப்பு பிரதானிக்குப் போனது.

"உனக்கு என்ன வேண்டும், கேள்."

"ஒரு தட்டி மிச்சம் இருந்தா என் வீட்டு ஜன்னலுக்குக் கட்டிக்கிறேன். என் பெஞ்சாதிக்கும் இந்தக் காத்து ஆகலைங்க."

தட்டியோடு ஒரு பட்டுச்சேலையும் போனது.

சித்திரைக்கு முன்பே கன்றில் சிவப்பாக ஒரு துளிர் எட்டிப் பார்த்தது. அந்த வாரமே கொன்றையப்பனுக்கு மகள் பிறந்தாள். பிள்ளையை ஏந்திக்கொண்டு அவன் முற்றத்துக்கு வந்தபோது பிரதானி தட்டிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"பிரதானியாரே, காலடியிலும் கொஞ்சம் ஊற்றுங்கள்" என்றார் ராஜா மாடத்திலிருந்து.

"மரத்துக்கா, எனக்கா, மகாராஜா?"

ராஜா சிரித்த சிரிப்பில் தூங்கிய குழந்தை விழித்துக்கொண்டது.