ஒயினும் உப்புக்கண்டமும்

கம்பம் பள்ளத்தாக்கில், திராட்சைப் பந்தல்கள் முடிந்து மலை தொடங்குகிற இடத்தில் ஒரு வீடு. அந்த வீட்டுச் சமையலறையில் ஒரு புட்டி ஒயின், தான் யாரென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தது.

அதைச் செய்தவள் சலேத். மழையில் வெடித்துப்போன பன்னீர் திராட்சையைக் கொட்ட மனமில்லாமல் சர்க்கரை சேர்த்துப் பிசைந்து, ஜாடியில் போட்டு, வாயைத் துணியால் வேடு கட்டி, மாதக்கணக்கில் இருட்டு மூலையில் விட்டிருந்தாள். அவள் கை பார்த்த முதல் ஒயின் அதுதான். ஒரு வெள்ளிக்கிழமை வடிகட்டியபோது அரைப் புட்டிக்கு மேல் தேறவில்லை.

வெளிச்சம் பட்டதும் ஒயின் கேட்டது: “எனக்கு என்ன ருசி?”

மேல் தட்டில் வினிகர் இருந்த காடி ஜாடி எட்டிப் பார்த்தது. “அதைச் சீக்கிரம் தெரிந்துகொள். உன் புட்டியில் பாதி காற்று. மூன்று நாளில் புளித்து என்னிடம் வந்துவிடுவாய். நானும் ஒயினாகப் பிறந்தவன்தான்.”

“அப்போது உனக்கு என்ன ருசி இருந்தது?”

“யாரும் குடித்துப் பார்க்கவில்லை. அதனால் எனக்கும் தெரியாது.”

காடி அதைக் கோபமில்லாமல்தான் சொன்னது. ஒயினுக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது.

கத்தோலிக்க வீடு; வெள்ளிக்கிழமை என்பதால் அன்று கறி இல்லை, மீன் குழம்பு. சலேத்தின் கணவன் இன்னாசி சோற்றுக்கு நடுவே ஒரு வாய் ஒயின் குடித்தான். உள்ளே போன ஒயினைப் புளி மறித்தது.

“யாரப்பா நீ? குழம்புக்குள் பாயசம் வந்த மாதிரி!”

“நானே அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்,” என்றது ஒயின்.

“வேறு வீட்டில் போய்த் தேடு,” என்று மிளகாய் அதன்மேல் நெருப்பை வைத்தது.

“கசாயம் மாதிரி இருக்கு சலேத்து,” என்றான் இன்னாசி. “கொழம்புதேன் நல்லாருக்கு.”

சனிக்கிழமை அவன் தனக்குத் தெரிந்த முறையில் இறங்கினான். மூச்சை அடக்கினான், தலையை அண்ணாந்தான், மடக்கென்று ஒரே விழுங்கு. முகத்தைச் சுளித்துக்கொண்டு எலுமிச்சை ஊறுகாயை ஒரு நக்கு நக்கினான். எந்தக் குடியானாலும் அவனுக்கு அதுதான் முறை.

“ஐயா, கொஞ்சம் நில்லுங்கள்! நான் யார்?” என்று ஒயின் கத்திக்கொண்டே போயிற்று.

“பறக்கிற பஸ்ஸில் இருப்பவனிடம் ஊர் பேர் கேட்க முடியுமா?” என்றது இன்னாசியின் நாக்கு.

“நான் வருவதே உன்னை மறக்கடிக்கத்தான்,” என்றது ஊறுகாய். அது பொய் சொல்லவில்லை.

“இது தேறாது. காடியில ஊத்திரு,” என்றான் இன்னாசி. “ஊறுகா போடவாச்சும் ஆகும்.”

சலேத் சரி என்றாள். அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மழை. கறிக்கடை திறக்கவில்லை. அடுப்புக்கு மேலே சரடில் கோத்துத் தொங்கிய உப்புக்கண்டத்தில் நான்கு துண்டை உருவி, சலேத் புட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆட்டுக்கறியில் உப்பும் மஞ்சளும் தேய்த்து வெயிலில் காயவைத்த துண்டுகள். தட்டினால் கட்டை மாதிரி சத்தம் வரும்.

“உனக்கு உன் ருசி தெரியுமா?” என்று ஒயின் கேட்டது.

“ஏன் தெரியாது? உப்பு,” என்றது கண்டம். “தின்றவர்கள் எல்லாரும் அதைச் சொல்லிவிட்டுச் சொம்பைத் தேடுவார்கள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்களே, உப்பைத் தவிர ஒன்றுமில்லாத பண்டம் எங்கே போகும்?”

“ஏன் இப்படி ஆனாய்?”

“அழுகிப் போகாமல் இருக்க வேண்டுமே. வெயிலில் கிடந்தேன். நீ?”

“நானும் அதற்காகத்தான் இருட்டில் கிடந்தேன்.”



சலேத் கண்டத்தைத் தட்டிப் பிய்த்து, எண்ணெயில் முறுக வறுத்தாள். உப்புப் பார்க்க ஒரு துண்டை வாயில் போட்டாள். சுரீரென்று கரித்தது. மென்றுகொண்டே, ஒழித்துக்கட்டிவிடலாம் என்று ஒயினைத் தூக்கிக் காடி ஜாடியின் மூடியைத் திறந்தாள். ஊற்றுவதற்கு முன், புளித்துவிட்டதா என்று தெரிய வேண்டாமா? கண்டம் வாயிலிருக்க, ஒரு மிடறு குடித்தாள். புளிப்புப் பார்க்கிறவள் மடக்கென்று விழுங்க மாட்டாள். நாக்கில் நிறுத்துவாள்.

நிறுத்தினாள்.

அப்போது நடந்ததை எப்படிச் சொல்வது! இனிப்பு போய் உப்பின்மேல் சாய்ந்தது. உப்பு தன் முரட்டுத்தனத்தை விட்டு இடம் கொடுத்தது. கொழுப்பு இளகியது. இனிப்புக்குப் பின்னாலிருந்து ரோஜாப்பூ வாசம் எழுந்தது. அது தனக்குள் இருந்தது ஒயினுக்கே தெரியாது. உப்புக்குப் பின்னாலிருந்து கறியின் இனிப்பு வந்தது. அது தனக்குள் இருந்தது கண்டத்துக்கே தெரியாது.

“நில்லுங்கள்,” என்றது சலேத்தின் நாக்கு. “யார் இது?”

“நான்தான், உப்புக்கண்டம்.”

“நான் ஒயின்.”

“உங்கள் இருவரையும் தெரிகிறது. நான் கேட்பது, உங்களோடு வந்திருக்கிற மூன்றாமவரை.”

இரண்டும் திரும்பிப் பார்த்தன. பார்த்தபடியே நின்றன.

சலேத் ஜாடியை மூடினாள். “ஏங்க! இங்க வாங்க, வெரசா!”

இன்னாசி மழைக்குக் கட்டியிருந்த தலைத்துண்டோடு வந்தான். அவன் வாயில் ஒரு துண்டுக் கண்டத்தைத் திணித்தாள். “மெல்லுங்க. முழுங்கிப்புடாதீங்க. மென்னுக்கிட்டே இதுல ஒரு வாய். மடக்குன்னு குடிச்சீக, எனக்குக் கெட்ட கோவம் வரும்.”

அவன் அவள் சொன்னபடி செய்தான். பாதி மெல்லும்போது தாடை நின்றுவிட்டது. கை தானாக மேலே போய்த் தலைத்துண்டை அவிழ்த்தது, கோயிலுக்குள் நுழைகிறவனைப் போல.

அன்று இருவரும் அடுப்படியிலேயே உட்கார்ந்து, ஒரு துண்டு ஒரு மிடறு என்று மெதுவாகச் சாப்பிட்டார்கள். புட்டி குறைந்துகொண்டே வந்தது. ஒயினுக்கு அதில் வருத்தமே இல்லை. ஒவ்வொரு மிடறிலும் அது அந்த மூன்றாமவரைப் பார்த்தது, ஒவ்வொரு முறையும் புதிதாக.

கடைசி மிடறுக்குப் பிறகு இன்னாசி புட்டியைக் கவிழ்த்துப் பார்த்தான். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டான்: “என்ன புள்ள போட்ட இதுல?”

சலேத் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள்.

“திராட்சையத்தேன் போட்டேன்.”