அரசாங்க எலுமிச்சம்பழம்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. எந்த நாடு, எந்தத் திக்கில் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்த நாட்டில் எந்த வீட்டில் என்றைக்கு என்ன குழம்பு என்று கேளுங்கள், சொல்கிறேன். அடுத்த வீட்டுச் சமாசாரம் நமக்கெதற்கு என்று இருக்கிறவள்தான் நான். தாளிக்கிற வாசனை சுவர் ஏறி வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்ளவா முடியும்?

அந்த நாட்டை ஆண்டவர் குணபூஷண மகாராஜா. நல்ல மனிதர். போருக்குக் கிளம்பத்தான் நாள் பார்ப்பார், பந்திக்குக் கிளம்பப் பார்க்கமாட்டார். அவருடைய சபையில் விகடகவியாக இருந்தவன் பெயர் உலகளந்தான். பெயர்தான் அப்படி. வீட்டில் ஒரு ஆழாக்கு அரிசி அளந்து கொடுத்தவனில்லை. அதையெல்லாம் அவன் மனைவி வடிவு பார்த்துக்கொண்டாள்.

ஒரு திங்கட்கிழமை வேட்டைக்குப் போய்த் திரும்பிய அரசரை நடுவழியில் மழை பிடித்துக்கொண்டது. தொப்பலாக நனைந்து, நடுங்கிக்கொண்டே உலகளந்தான் வீட்டுக்குள் புகுந்துவிட்டார். வடிவு என்ன செய்வாள்? அவசர அவசரமாக ரசம் வைத்தாள், பருப்புத் துவையல் அரைத்தாள், நாலு வாழைக்காயை வதக்கினாள், இரண்டு அப்பளத்தைத் தணலில் சுட்டுப் போட்டாள். அரசர் மூன்று தரம் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான்காம் தரம் சோறே வேண்டாமென்று கையில் ஊற்றச் சொல்லிக் குடித்தார்.

புதன்கிழமை மழை இல்லை, சுள்ளென்று வெயில். அன்றைக்கும் அரசர் வந்தார். தோட்டத்துக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தேன் என்றார். அரண்மனையிலிருந்து தோட்டத்துக்கு அது வழியே இல்லை. சரி, அரசர் போனால் அது வழிதான்.

ஒரு கை ரசம் உறிஞ்சியதும் அவர் முகம் மாறியது.

"அம்மா, திங்கட்கிழமை ரசம் வேறு, இது வேறு. அதே கை, அதே அடுப்பு, அதே புளிதானே?"

"எல்லாம் அதேதாங்க மகாராஜா. புளிகூட அதே அளவுதான். எலுமிச்சம்பழ அளவு."

"எந்த எலுமிச்சம்பழம்?"

வடிவு முழித்தாள். "எந்த எலுமிச்சம்பழம்னா என்னங்க சொல்றது? எலுமிச்சம்பழ அளவுன்னா எலுமிச்சம்பழ அளவுதான்."

"அந்தப் பழத்தைக் கொண்டு வா, பார்ப்போம்."

"வீட்ல பழம் இல்லீங்களே. இருந்தா எலுமிச்சம்பழ ரசமே வச்சிருப்பேனே!"

அரசருக்குக் குழப்பம் அங்கே தொடங்கியது. இல்லாத பழத்தை வைத்து எப்படி அளந்தாள்? எழுந்து அடுத்த வீட்டுக்குப் போய்க் கேட்டார். எலுமிச்சம்பழ அளவு. எதிர்வீட்டில் கேட்டார். எலுமிச்சம்பழ அளவு. உருட்டிக் காட்டச் சொன்னார். ஒருத்தி உருட்டியது கோலிக்குண்டு மாதிரி இருந்தது, இன்னொருத்தி உருட்டியது கொழுக்கட்டை மாதிரி இருந்தது. இரண்டு பேரும் சத்தியம் செய்தார்கள். அரசர் தலையைப் பிடித்துக்கொண்டு அரண்மனை திரும்பினார்.

மறுநாள் சபையில் இதே பேச்சு.

"என் நாட்டில் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் இருப்பதா? ஒரே நாடு, ஒரே புளி, ஒரே ரசமாக இருக்க வேண்டாமா? இதற்கு வழி சொல்லுங்கள்!"

பொக்கிஷ அதிகாரி கனகராயர் எழுந்தார். அவருக்கு வயிற்றெரிச்சல். போன மாதம் தம் வீட்டில் அறுபத்துநாலு பதார்த்தம் செய்து விருந்து வைத்தார். அரசர் ஒரு ஏப்பம் விட்டுவிட்டுப் போய்விட்டார். இந்த விகடகவி வீட்டு ரசத்துக்கு மட்டும் வெயிலில் இரண்டாம் நடையா?

"மகாராஜா, தங்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம் வார்ப்போம். உள்ளே பொள்ளல் இல்லாத கட்டித் தங்கம். அதுவே அரசாங்க எலுமிச்சம்பழம். கண்ணால் பார்த்து உருட்டுகிற பழக்கம் இனி வேண்டாம். தராசின் ஒரு தட்டில் அரசாங்க எலுமிச்சம்பழம், மறு தட்டில் புளி. எடைக்கு எடை! நாட்டில் உள்ள எல்லா அடுப்புக்கும் இதுவே அளவு. வருகிற பௌர்ணமியன்று மதியம் எல்லா வீட்டிலும் ஒரே ரசம் கொதிக்கும்."

"பேஷ்!" என்றார் அரசர்.

"இதை நிறைவேற்றும் பொறுப்பு உலகளந்தானுக்கே ஏற்றது. பெயரே பொருத்தம். பௌர்ணமியன்று ஒரு வீட்டு ரசமாவது மாறியிருந்தால், அவரும் அவர் மனைவியும் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும். இந்தக் குழப்பமே அவர்கள் வீட்டு அடுப்பில் தொடங்கியதுதானே?"

அரசர் ரச நினைப்பில் இருந்தார். யோசிக்காமல் தலையை ஆட்டிவிட்டார்.

உலகளந்தான் மெல்ல எழுந்தான். "ஐயா, புளியைத் தராசில்தானே நிறுக்க வேண்டும்?"

"தராசில்தான்."

"தங்கத்துக்கு எடைக்கு எடை?"

"குன்றிமணி பிசகக்கூடாது."

"எல்லா அடுப்புக்கும்?"

"எத்தனை தடவை சொல்வது? எல்லா அடுப்புக்கும்!"

"எழுதி முத்திரை வைத்துக் கொடுங்கள் ஐயா. எனக்கு மறதி அதிகம்."

கனகராயர் சிரித்துக்கொண்டே ஓலையில் முத்திரை வைத்தார். தங்கத்தை நிறுத்தே வாழ்ந்தவர். வாழ்நாளில் ஒருநாளாவது புளியை நிறுத்துப் பார்த்திருக்கலாம்.

பழம் வார்த்து வந்தது. உலகளந்தான் அதையும் தராசையும் எடுத்துக்கொண்டு, இரண்டு காவலர்களையும் கூட்டிக்கொண்டு முதலில் தன் வீட்டுக்கே போனான். வடிவு ஒரு உருண்டை புளியைத் தட்டில் வைத்தாள். தட்டு அசையவில்லை. இன்னொரு உருண்டை. அசையவில்லை. பானையில் கை விட்டு அள்ளிப் போட்டாள். பதினைந்தாவது உருண்டையில்தான் தங்கத் தட்டு மனசு வந்து மேலே எழுந்தது.

"என்னங்க இது, பிரசவத்துக்கு வந்த பொண்ணுக்குக் கட்டிக் கொடுக்கிற மாதிரி! ஒரு மாசத்துக்கா?"

"ஒரு வேளைக்கு."

"பல்லு இருக்கறவங்க யாரும் இந்த ஊர்ல குடியிருக்கக் கூடாதா?"

"அடியே, ராசா உத்தரவு. ரசம் மாறினா நம்ம ரெண்டு பேரும் மூட்டை கட்டணும். பேசாம வை. மீந்த ரசத்தைச் சுண்டக் காய்ச்சி வச்சா புளிசாதத்துக்கு ஆச்சு."

இப்படியே நாலு வீதியிலும் வீடு வீடாக நிறுத்து, இலையில் கட்டி, முத்திரை வைத்துக் கொடுத்தான். பெண்கள் கட்டைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள். "ஏன் உலகளந்தாரே, உமக்குப் புத்தி பிசகிடுச்சா, இல்ல எங்களுக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். "ஒரு நாள் பொறுத்துக்கோ தாயி. பிசகினது யாருன்னு அப்புறம் தெரியும்" என்றான். அரண்மனை மடைப்பள்ளிக்கும் ஒரு கட்டு போயிற்று. கனகராயர் வீட்டுக்கும் போனான். வாசற்கதவு திறக்கவில்லை. "இதெல்லாம் ஊராருக்குத்தான்" என்று உள்ளேயிருந்து அம்மாள் குரல் மட்டும் வந்தது. நான் ஒட்டுக் கேட்கவில்லை, கதவு மெல்லியது.

பௌர்ணமி வந்தது. ரசத்தை ருசி பார்க்க வேண்டுமென்று அரசர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தார். உலகளந்தான் அருகில் போய் நின்றான்.

"மகாராஜா, எலுமிச்சம்பழம் எவ்வளவு பெரியது? பழத்தைப் பார்க்காமல் விரலாலேயே காட்டுங்கள்."

பசியில் இருந்த அரசர் இரண்டு கை விரல்களையும் வளைத்துக் காட்டினார். உலகளந்தான் ஒரு வாழைநாரை அந்த வளையத்தைச் சுற்றி அளந்து, அறுத்து, மடியில் செருகிக்கொண்டான்.

"என்ன அது?"

"வாழைநார், மகாராஜா."

அரசருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் இலை போட்டுவிட்டார்கள்.

வீதிக்கு ஒரு கிண்ணமாக நாலு கிண்ணம், மடைப்பள்ளிக் கிண்ணம் ஒன்று, ஆக ஐந்து கிண்ணம் ரசம் வந்தது. அரசர் முதல் கிண்ணத்தை ஆசையோடு எடுத்து ஒரு வாய் உறிஞ்சினார். வலது கண் மூடிக்கொண்டது. தோள் காதுக்கு ஏறியது. கிண்ணம் மாறிப்போயிற்று போல என்று இரண்டாவதை எடுத்தார். இடது கண்ணும் மூடிக்கொண்டது. மூன்றாவதும் அதேதான், நான்காவதும் அதேதான். ஐந்தாவது சொந்த மடைப்பள்ளி ரசமாயிற்றே என்று நம்பி எடுத்தார். பாவம்.

"எல்லாம் ஒரே ருசி, மகாராஜா" என்றான் உலகளந்தான். "ஆணை நிறைவேறியது."

அரசர் பேச வாயெடுத்தார். பல் கூசியதில் 'ஸ்ஸ்ஸ்' என்று மட்டும் வந்தது.

"துரோகம்!" என்று கனகராயர் குதித்தார். "புளியை அள்ளிக் கொட்டியிருக்கிறார்! இன்றைக்கே நாடு கடத்த வேண்டும்!"

"தராசு இங்கேயே இருக்கிறது ஐயா, புளியும் இருக்கிறது. உம்முடைய கையாலேயே நிறுத்துப் பாரும்."

கனகராயர் நிறுத்தார். ஒரு தட்டில் எலுமிச்சம்பழம். மறு தட்டில் குடம் மாதிரி புளி. முள் நடுவில் நின்றது. அவர் தராசை மாற்றச் சொன்னார். வேறு தராசு வந்தது. முள் நடுவில் நின்றது. தட்டை மாற்றி வைத்தார். அப்போதும் நடுவில் நின்றது. சோதிடர் சனியின் பார்வை என்றார். சேனாதிபதி புளி நனைந்திருக்கும் என்றார். புரோகிதர் தங்கத்துக்குத் திருஷ்டி என்றார்.

பரிமாற வந்திருந்த மடைப்பள்ளிக்காரர் சேஷு, தாங்கமாட்டாமல் ஒரு நிஜ எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து அரசரின் ஒரு கையில் வைத்தார். மறு கையில் தங்கப் பழத்தை வைத்தார். தங்கம் இருந்த கை தொப்பென்று இலையில் விழுந்தது.

"ஓஹோ!" என்றார் அரசர். "பார்க்க ஒன்று, தூக்க ஒன்றா?"

கனகராயர் முகம் வெளுத்தது. ஆனாலும் விடவில்லை. "அப்படியானால் தராசு வேண்டாம், மகாராஜா. கண்ணால் பார்த்து இந்தப் பழத்தின் பருமனுக்கே உருட்டட்டும். கண்ணளவு எல்லோருக்கும் ஒன்றுதானே? மறுபடி ஒரு பௌர்ணமி தவணை. மாறினால் உலகளந்தான் ஊரை விட்டுப் போகட்டும்!"

அரசர் உலகளந்தானைப் பார்த்தார். "இதாவது நடக்குமா?"

"நடக்கும், மகாராஜா. அதற்கு முன் இன்னொரு தரம் விரலால் காட்டுங்கள். எலுமிச்சம்பழம் எவ்வளவு?"

பல் கூசிக்கொண்டிருந்த அரசர் எலுமிச்சம்பழம் என்ற பேச்சைக் கேட்டதுமே சிலிர்த்தார். ஒரு கையின் இரண்டு விரலை மட்டும் வளைத்து, நெல்லிக்காய் அளவு காட்டினார்.

உலகளந்தான் அதற்கும் ஒரு நார் அளந்தான். மடியிலிருந்து முதலில் அளந்த நாரை எடுத்தான். இரண்டையும் சேர்த்துப் பிடித்தான். ஒன்று முழங்கை நீளம். மற்றது சுண்டுவிரல் நீளம்.

"இது பசித்த எலுமிச்சம்பழம். இது பல் கூசின எலுமிச்சம்பழம். ஒரே கண், ஒரே நாள், காட்டியவர் நாட்டுக்கே அரசர். திங்கட்கிழமை தாங்கள் நனைந்து நடுங்கி வந்தீர்கள். வடிவு உறைப்பும் புளிப்புமாகக் கொடுக்க நினைத்தாள், அவள் பழம் பெருத்தது. புதன்கிழமை வெயில், போதாததற்கு எனக்குப் பல்வலி. பழம் இளைத்தது. அவளைக் கேட்டால் இரண்டும் ஒரே அளவு என்றுதான் சொல்வாள், மகாராஜா. பொய்யும் இல்லை. ஆணைப்படி அளவு மாறினவர் ஊரை விட்டுப் போக வேண்டுமென்றால்..."

அவன் இரண்டு நாரையும் அரசர் முன் நீட்டிக்கொண்டு நின்றான்.

அரசர் நீள நாரைப் பார்த்தார். குட்டி நாரைப் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிறு குலுங்கியது. கூசுகிற பல்லைக் கையால் மூடிக்கொண்டே சிரித்தார்.

"நானே முதலில் மூட்டை கட்ட வேண்டும் என்கிறாயா? போதுமப்பா! ஆணை ரத்து. அவரவர் எலுமிச்சம்பழம் அவரவருக்கு. இந்தத் தங்கப் பழம் உன் மனைவிக்கு என் பரிசு."

"சந்தோஷம், மகாராஜா. ஒரு சின்னக் குறை. 'எல்லா அடுப்புக்கும்' என்று ஓலையில் இருந்தது. ஒரே ஒரு அடுப்பு விட்டுப்போயிற்று. பொக்கிஷ அதிகாரி வீட்டில் கதவு திறக்கவில்லை."

அரசர் கனகராயர் பக்கம் திரும்பினார். "அப்படியா? அந்த வீட்டுக்கு மட்டும் ஆணை ரத்தில்லை. இன்று முதல் அடுத்த பௌர்ணமி வரை எடைக்கு எடை! நிறுத்துக் கொடுத்துவிட்டு வா."

கனகராயர் அப்புறம் ஒரு மாதம் சபையில் வாயே திறக்கவில்லை. பணிவு என்று சிலர் சொன்னார்கள். பல் கூச்சம் என்று அவர் வீட்டு வேலைக்காரி சொன்னாள்.

தங்க எலுமிச்சம்பழத்தை வடிவு என்ன செய்தாள் என்கிறீர்களா? பால் சட்டி மூடியின்மேல் வைத்துவிட்டாள், பூனை தள்ளாதபடிக்கு. நல்ல கனமாம். போன வாரம்கூட உப்புக் கடன் கேட்கப் போனவள், ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று சும்மா கேட்டுவைத்தேன்.

"எலுமிச்சம்பழ அளவு" என்றாள்.

"அதோ இருக்கே, அந்தப் பழமா?"

"சீ, அது இல்லடி" என்றாள் வடிவு. "எலுமிச்சம்பழ அளவு."