கையோடு வந்த பிடி

கைப்பிடி உண்டு, பிடித்துத் தூக்கக் கூடாது. கூடைதான், ஆனால் ஒரு பூ கூடப் போடக் கூடாது. என்ன அது, சொல்லுங்கள் பார்ப்போம்.

தெரியவில்லையா? கலைக்கூடத்தில் இருக்கும் பழைய வெள்ளிக்கூடை.

இன்னாசிக்கு அது தெரியும். வேலைக்குச் சேர்ந்த அன்றே காப்பாளர் சௌந்தரவல்லி சொல்லிக்கொடுத்திருந்தார்: பழம்பொருளைப் பிடியில் தூக்கக் கூடாது, அடியில் கை கொடுக்க வேண்டும். வயதில் இளையவர் என்றாலும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார் இன்னாசி.

ஆனால் இன்னாசி முன்பு பூக்கடை வைத்திருந்தவர். கூடையைக் கண்டதும் கை பிடிக்குப் போய்விட்டது. பிடி கையோடு வந்துவிட்டது.

"டீச்சர், நான் இந்த வேலைக்கு லாயக்கில்லை. என்னை அனுப்பிடுங்க."

பள்ளி விட்டு வந்து அப்பாவுக்காகக் காத்திருந்த ஜெபமாலை நிமிர்ந்து பார்த்தாள்.

சௌந்தரவல்லி பூதக்கண்ணாடியை இன்னாசியிடம் நீட்டினார்.

"உடைஞ்ச இடம் என்ன நிறம்ண்ணே?"

"கறுப்பு."

"இன்னைக்கு உடைஞ்ச வெள்ளி எப்படி இருக்கும்?"

"பளிச்சுனு..." இன்னாசி மறுபடி பார்த்தார். "அப்போ, நான் உடைக்கலையா?"

"எந்தக் காலத்துலயோ உடைஞ்சது. ஓரத்துல என்ன ஒட்டியிருக்கு?"

"மெழுகு. பழசு, கறுத்துக் கிடக்கு."

"யாரோ உடைச்சிட்டு, ஒட்டி வெச்சிட்டுப் போயிருக்காங்க. நானும் இத்தனை வருஷமா ஏமாந்திருக்கேன்."

இன்னாசி அப்பாடா என்று சுவரில் சாய்ந்தார்.

பிறகு சட்டைப் பையில் கைவிட்டு, ஒரு மெழுகுவத்தித் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கரண்ட் போனா ஏத்துறதாச்சே அது! உன் பையில எதுக்குப்பா?" என்றாள் ஜெபமாலை.

இன்னாசி மகளைப் பார்க்கவில்லை. "நானும் ஒட்டி வெச்சிடலாம்னுதான் எடுத்தேன். கை நடுங்கிச்சு டீச்சர். ஒட்ட வரலை."

"நடுங்கினவரைக்கும் நல்லது" என்று சிரித்தார் சௌந்தரவல்லி. "சரி, கூடையை எடுத்து அலமாரியில வைங்க."

"நானா?"

"வேற யாரு?"

இன்னாசி இரண்டு உள்ளங்கைகளையும் கூடையின் அடியில் கொடுத்தார். தூக்கினார். வைத்தார். பெருமூச்சு விட்டார்.

மேசையில் பிடியும் மெழுகுத் துண்டும் இருந்தன.

"நாளைக்கு ஜனங்க பாக்க வருவாங்க. இதை எப்படி வைக்கலாம், பாப்பா?" என்று கேட்டார் சௌந்தரவல்லி.

ஜெபமாலை மெழுகைத் தொடாமல், பிடியை மட்டும் எடுத்துக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தாள்.