எண்பத்தேழாம் பக்கத்தில் ஒரு கட்டம்

"ஆசானே, பழைய படக்கதைத் தொகுப்புகளை வாசிக்கிறதால ஏதாவது பிரயோசனம் உண்டா?"

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சங்கிலிமுத்து கேட்டுவிட்டார். குன்றேறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. கையில் கெட்டி அட்டை போட்ட தடித்த புத்தகம் ஒன்று இருந்தது.

குன்றின் மேல் இருந்த ஓட்டு வீட்டில் ஆசான் குமுதினி படக்கதை வரையக் கற்றுக்கொடுத்து வந்தார். ஆசானுக்கு வயது முப்பத்துநான்கு. சீடருக்கு ஐம்பத்தொன்று. சீடர் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்தபடி இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் வந்து கோடு போடப் பழகுகிறார்.

கோடு இன்னும் பழகவில்லை.

"வாங்க அண்ணாச்சி. முதல்ல தண்ணி குடிங்க."

"தண்ணி கெடக்கட்டும். கேட்டதுக்குச் சொல்லுங்க."

"என்ன ஆச்சு?"

"அத்தனையும் புளுகு. கேப்டன் ருத்ரா கையில இருக்கிறது ஆறு குண்டு துப்பாக்கி. ஒரே சண்டையில பன்னிரண்டு தடவை சுடுறாரு."

"பதினாலு," என்றார் ஆசான். "நானும் எண்ணியிருக்கேன்."

"வில்லன் பக்கத்துக்குப் பக்கம் ஹா ஹான்னு சிரிக்கிறான். எதுக்குச் சிரிக்கிறான்னு அவனுக்கே தெரியாது."

"தெரியாதுதான்."

"இதுக்குத்தான் பத்து வயசுல வாராவாரம் கடை வாசல்ல தவம் கிடந்தேனா?"

ஆசான் பென்சிலைக் கீழே வைத்தார்.

"இதைச் சொல்லவா இந்த வெயில்ல ஏறி வந்தீங்க?"

சங்கிலிமுத்து பாயில் உட்கார்ந்தார். துப்பாக்கியும் சிரிப்பும் வெறும் சாக்கு என்பது அவர் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

"ஒரு கட்டம் காணோம் ஆசானே."

புத்தகத்தைப் பிரித்தார். எண்பத்தேழாம் பக்கம். தொங்கு பாலம் தீப்பிடித்து எரிகிறது. பாலத்தின் நடுவே கேப்டனின் தோழன் சோலை விழுந்து கிடக்கிறான். கேப்டன் ருத்ரா கரையில் நிற்கிறார்.

அடுத்த கட்டத்தில் கேப்டன் அதே கரையில் நிற்கிறார். சோலை அவர் தோளில் கிடக்கிறான்.

"இது ரெண்டுக்கும் நடுவுல ஒரு கட்டம் உண்டு," என்றார் சங்கிலிமுத்து. "கேப்டன் திரும்பிப் பாப்பாரு. நெத்தியெல்லாம் வேர்வை. உதடு கோணியிருக்கும். பயம். பயந்துக்கிட்டே எரியுற பலகை மேல காலை வைப்பாரு. தொகுப்பு போட்டவங்க அதை வெட்டிட்டாங்க."

"ஒரு கட்டம்தானே அண்ணாச்சி?"

"உங்களுக்கு அது ஒரு கட்டம்."

அந்தப் பக்கத்தை விரலால் தடவினார். பிறகு மடமடவென்று சொன்னார்.

"இருபத்து மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பஞ்சு குடோன் தீ. நான் வெளிய வந்துட்டேன். கூட வேலை பாக்குற பாக்கியநாதன் உள்ள மாட்டிக்கிட்டான். வாசல்ல நிக்கேன், காலு நகர மாட்டேங்குது. அப்போதான் அந்தக் கட்டம் கண்ணு முன்னால வந்துச்சு. கேப்டனே பயந்துக்கிட்டுத்தான்லே போனாரு, நீ போனா என்னன்னு. போனேன். தூக்கிட்டு வந்தேன்."

"ம்."

"எப்பிடிண்ணே திரும்பி வந்தீங்கன்னு அவன் இன்னைக்கு வரைக்கும் கேக்கான். என்னை அனுப்புனது ஒரு படம்டா, ஒரு நாள் காட்டுறேன்னு நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன். அவனுக்குக் காட்டத்தான் இதை வாங்குனேன். நாளைக்கு வீட்டுக்கு வாறான். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவன் முன்னால உக்காருவேன்?"

சங்கிலிமுத்து புத்தகத்தை மூடினார்.

"இத்தனை வருஷமா அவன்கிட்ட பொய்யா சொல்லியிருக்கேன்?"

ஆசான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துச் சீடர் முன் வைத்தார்.

"வரைங்க."

"எனக்கு முகம் வராதுன்னு உங்களுக்கே தெரியும்."

"கோடு கோணினா கோணட்டும். என்ன இருந்துச்சோ அதை வரைங்க."

சங்கிலிமுத்து வரைந்தார்.

இரண்டு வருடமாக நடுங்கிய கோடு அன்று நடுங்கவில்லை. மூன்றாவது பலகை உடைந்திருந்தது. புகை வலப்பக்கமிருந்து வந்தது. கேப்டனின் இடது பூட்ஸில் கயிறு அவிழ்ந்து கிடந்தது. எங்கேயும் நின்று யோசிக்கவில்லை. ரப்பரைத் தொடவே இல்லை.

வரைந்து முடித்ததும் ஆசான் உள்ளே போய் ஒரு மெல்லிய வார இதழைக் கொண்டுவந்தார். பழுப்பேறிய தாள், துருப்பிடித்த கம்பிப் பின்.

"இது முதல் அச்சு. இதுல வெட்டு கிடையாது."

சங்கிலிமுத்து பறிக்காத குறையாக வாங்கினார். பாலம் எரிந்தது. கேப்டன் கரையில் நின்றார். அடுத்த கட்டத்தில் சோலை தோளில் கிடந்தான்.

இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளைத் தாள். அவ்வளவுதான்.

"இதுவும் தப்பா அச்சாகியிருக்கும்," என்றார். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

ஆசான் மறுபடி எழுந்து போனார். இந்த முறை ஒரு பிஸ்கட் டப்பா வந்தது.

"இந்தப் பக்கத்துல ஒரு கட்டம் காணோம்னு சொல்ற பன்னிரண்டாவது ஆளு நீங்க. என்னையும் சேத்து."

டப்பாவிலிருந்த தாள்களைப் பாயில் ஒவ்வொன்றாகப் பரப்பினார். மொத்தம் பதினொன்று.

ஒரு நர்ஸ் வரைந்த தாளில் கேப்டன் தொப்பியைக் கழற்றி வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். ஒரு பஸ் கண்டக்டரின் தாளில் சோலை கையை ஆட்டி, போயிரு போயிரு என்று கத்தினான். இன்னொன்றில் கேப்டன் முகமே இல்லை, இரண்டு கைகள் மட்டும் ஒன்றையொன்று எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தன. ஒன்றில் பாலம் பாதி அறுந்துவிட்டது, கேப்டன் அந்தரத்தில் இருந்தார்.

"எல்லாரும் கண்ணால பாத்தேன்னு சூடம் அணைச்சு சத்தியம் பண்ணாங்க," என்றார் ஆசான்.

"இது யாரு வரைஞ்சது? மழை பெய்யுது?"

"அது நான். எனக்கு அங்க மழை பெஞ்சுது அண்ணாச்சி. மண்வாசம்கூட வந்துச்சு."

சங்கிலிமுத்து பதினொரு தாள்களையும் பார்த்தார். தன் தாளைப் பார்த்தார். வார இதழைப் பக்கத்தில் இழுத்து, இரண்டு கட்டங்களுக்கும் நடுவிலிருந்த வெள்ளையில் தன் சுட்டுவிரலை வைத்தார். விரல் சரியாகப் பொருந்தியது.

"இத்தனையும் இதுக்குள்ளயா இருந்துச்சு?"

ஆசான் சிரித்தார்.

"வரைஞ்சவரு ஏன் இந்த இடத்தைச் சும்மா விட்டாரு?"

"பக்கத்துக்குக் கீழ பாருங்க. அந்த வாரம் சோப்பு விளம்பரம் வந்துருச்சு. கட்டத்துக்கு இடம் பத்தலை."

சங்கிலிமுத்துவுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

"இன்னொரு வேலை இருக்கு," என்றார் ஆசான். "இந்தப் பதினொன்னுல எதுலயாவது கேப்டன் பயப்படுறாரான்னு பாருங்க."

ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கும்பிட்டவர் பயப்படவில்லை. அந்தரத்தில் பாய்ந்தவரும் பயப்படவில்லை. மழையில் நின்றவர் நனைந்திருந்தார், அவ்வளவுதான்.

"தொகுப்பையும் பாருங்க."

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். ஆசான் அவசரப்படுத்தவில்லை.

"இல்லை ஆசானே. கேப்டன் ருத்ரா எதுக்கும் பயப்பட மாட்டாரே. அவருக்கு அதெல்லாம் கிடை..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். தான் வரைந்த தாளைத் திரும்பிப் பார்த்தார். நெற்றியெல்லாம் வேர்வை. உதடு கோணியிருந்தது. எரியும் பலகை மேல் ஒரு கால்.

தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"அப்போ அன்னைக்குக் குடோன் வாசல்ல என்னைத் திருப்பி அனுப்புனது யாரு?"

ஆசான் பாயில் உருண்டு கிடந்த பென்சிலை எடுத்து நீட்டினார்.

"அண்ணாச்சி, கீழ ஓவியர் பேரைப் போட மறந்துட்டீங்க."

சங்கிலிமுத்து பென்சிலை இரண்டு கைகளாலும் வாங்கினார். தாளின் கீழ் ஓரத்தில் தன் பெயரை எழுதினார்.

பெயருக்குக் கீழே, ஐந்தாம் வகுப்பு, ஆ பிரிவு என்று எழுதினார்.